அன்பளிப்பைத் தவிர்க்கவும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. ஒரு மாத இதழில் கட்டுரை கேட்டார்கள். ‘குழந்தைகளின் பிறந்தநாள் விழாவில் பரிசளிப்பது எப்படி: பத்துக் குறிப்புகள்.’ எனக்கென்ன, மூன்று பிள்ளைகளை வளர்த்தவள், திருவண்ணாமலையில் கூப்பிட்ட பிறந்தநாளுக்கெல்லாம் போய்ச் சாப்பிட்டவள், ஒரே மூச்சில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் குறிப்பு: பெட்டியின் அளவு முக்கியமல்ல. (இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைக் கேலி செய்ய உதவும்.)

இரண்டாவது: விலைச்சீட்டை முழுதாகக் கிழித்துவிடுங்கள். பாதி கிழித்தால்தான் எல்லோரும் உற்றுப் பார்ப்பார்கள்.

மூன்றாவது: சத்தம் போடுகிற பொம்மையைக் கொடுத்தால் அந்த வீட்டுப் பெரியவர்கள் உங்களை ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள்.

நான்காவது: அழைப்பிதழில் ‘அன்பளிப்பைத் தவிர்க்கவும்’ என்று போட்டிருந்தால்

அந்த வரி அப்படியே நிற்கிறது. ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. மீதிக் குறிப்புகளும் வரவில்லை. அவற்றுக்குப் பதிலாக எழில் என்ற எட்டு வயதுப் பெண் வந்து நின்றாள். எனக்கு உடம்பு சரியில்லை என்று இதழுக்குச் சொல்லிவிட்டேன்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) “சுனந்தா பலூனை ஊதிக்கொண்டே வாசலைப் பார்த்தாள்.” இப்படித் தொடங்கினால் வாசலில் யாராவது வந்தே தீரவேண்டும். இந்தக் கதையின் சிக்கலே வரவேண்டியவள் வராததுதான்.

(ஆ) “கீர்த்தனாவுக்கும் சூரியனுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது.” அழகாக இருக்கிறது. அதனாலேயே அடித்துவிட்டேன்.

(இ) “வேங்கிக்காலில் சூரியன் சீக்கிரம் போய்விடும்.”

இது இருக்கட்டும். இதில் நான் எதையும் கற்பனை செய்யவில்லை. திருவண்ணாமலையை ஒட்டிய எங்கள் வேங்கிக்காலுக்குத் தென்மேற்கே மலை. தை மாதத்தில் சூரியன் சரியாக அதற்குப் பின்னால் போய் இறங்கும். நாட்காட்டியில் அஸ்தமனம் ஆறு பத்து என்று போட்டிருக்கும். எங்கள் தெருவில் ஐந்து இருபதுக்கே நிழல் விழுந்துவிடும், கொடியில் காயும் துணியை எடுத்துவிடுவோம்.

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த சுனந்தா வீட்டில் இது துணியோடு முடிகிற விஷயம் இல்லை. அவர்கள் சமணர்கள். வெங்காயம் சேர்க்க மாட்டார்கள். தலைமுறை தலைமுறையாகப் பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத குடும்பம். சுனந்தாவுக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை. கையில் எந்த ஃபைல் இருந்தாலும் ஐந்தரைக்கு டிபன் டப்பாவைத் திறந்துவிடுவாள். கணவர் ஜினசந்திரன் விதைக்கடை வைத்திருக்கிறார், நாட்காட்டியைப் பார்த்துச் சாப்பிடுகிறவர். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த வீட்டில் கட்டாயம் கிடையாது. ஆனால் மகள் கீர்த்தனா இந்தப் பொங்கலிலிருந்து தானாகவே ஆரம்பித்துவிட்டாள், அதுவும் பெரியவர்களைவிடக் கெடுபிடியாக. “சூரியன் நம்ம தட்டப் பாக்கறப்பவே சாப்ட்டுடணும்” என்று அப்பா எப்போதோ விளையாட்டாகச் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பள்ளி விட்டு வந்ததும் தட்டோடு மொட்டைமாடிக்குப் போவாள். சூரியன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நாட்காட்டியெல்லாம் அவளிடம் செல்லாது.*

* மேகம் மூடிக்கொண்டால் என்ன செய்வாய் என்று ஒருநாள் கேட்டேன். “மேகம் நகரும் ஆன்ட்டி. மலை நகராதுல்ல?” என்றாள்.

3

அதனால்தான் அவளுடைய எட்டாவது பிறந்தநாள் அழைப்பிதழில் ‘மாலை நான்கு மணி’ என்று போட்டு அடிக்கோடும் போட்டிருந்தார்கள். ஐந்துக்குக் கேக் வெட்டி, ஐந்தே காலுக்குள் கீர்த்தனா சாப்பிட்டாக வேண்டும். முட்டை போடாத கேக், வாழைக்காய் பஜ்ஜி, கேசரி. அழைப்பிதழின் அடியில் சுனந்தாவே சேர்த்த ஒரு வரி: ‘அன்பளிப்பைத் தவிர்க்கவும். உங்கள் வாழ்த்தே போதும்.’

புதுத் தெரு, புது மனிதர்கள், யாருக்கும் சிரமம் வேண்டாம் என்று நல்ல மனதோடுதான் போட்டாள். அந்த வரியை எப்படி வாசிக்க வேண்டும் என்று நமக்கெல்லாம் தெரியும். அவர்கள் வேண்டாம் என்பார்கள், நாம் கொண்டுபோவோம், “ஐயோ, எதுக்குங்க இதெல்லாம்” என்பார்கள், வாங்கி உள்ளே வைப்பார்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

அந்த வரியைப் போட்டது போட்டபடியே வாசித்தது ஒரே ஒரு வீடு. அடி அண்ணாமலையில் ஆட்டோ ஓட்டுகிற மாறன் வீடு. அவர் மகள்தான் எழில். கீர்த்தனாவோடு ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. கீர்த்தனாவோடு பங்கு போட்டுச் சாப்பிட வேண்டும் என்பதற்காகவே வெங்காயம் போடாத சாதம் கேட்டு அடம்பிடித்துக் கட்டிக்கொண்டு வருகிறவள். அழைப்பிதழை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியதும் அவள்தான். “கிஃப்ட் எடுத்துக்கினு வரக் கூடாதாம்ப்பா. போட்ருக்காங்க, பாரு.”

சரியாக நான்கு மணிக்கு, பட்டுப்பாவாடை கட்டி, வெறுங்கையோடு எழில் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். சுனந்தா அப்போது உள்ளே பஜ்ஜி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள், அதனால் இதைப் பார்க்கவில்லை. அதே நேரம் எதிர்வீட்டு ராஜம்மாள் தெருவைக் கடந்து வந்தாள். கையில் மின்னுகிற காகிதம் சுற்றிய பெட்டி. பின்னால் இருப்பவரின் முகமே தெரியாத அளவுக்குப் பெரிய பெட்டி.

“அடடே, பர்த்டேக்கா வந்த? நீ இன்னா கிஃப்ட் கொண்டாந்த பாப்பா?” என்றாள் ராஜம்மாள்.

எழில் அப்பாவின் சட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

மாறன் சிரித்தார். “வூட்லயே வச்சிட்டு வந்துட்டோம்ங்க. தோ, எடுத்துக்கினு வந்துடறோம்.” மகளைத் தூக்கி உட்காரவைத்து, ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

4

இந்த இடத்தில் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். மாறன்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ ஓட்டுகிற, வாய்கொடுத்துப் பழகிய மனிதர். “கார்டுல வேணாம்னு போட்ருந்துச்சும்மா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மகளை உள்ளே அனுப்பியிருக்கலாமே? எதற்குப் பொய்?

அப்படியும் எழுதிப் பார்த்தேன். மாறன் நிமிர்ந்து நின்று பதில் சொன்னார், ராஜம்மாளின் முகம் சுருங்கியது, எனக்கே கைதட்டத் தோன்றியது. ஆனால் எழில் எங்கே நிற்கிறாள் என்று தேடினால், அந்தப் பக்கத்திலும் அவள் அப்பாவின் சட்டைக்குப் பின்னால்தான் நின்றாள். அப்பா ஜெயித்ததால் அவள் கைக்கு ஒன்றும் வந்துவிடவில்லை. இது எனக்கு முன்பே மாறனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

ராஜம்மாளையே கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்றும் யோசித்தேன். [கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. குழந்தைகளிடம் என்ன பேசுவது என்று தெரியாதவர்கள் கேட்கிற கேள்வி அது. உண்மையில் அவள் யாரென்றால் — இல்லை, பிறகு.]

5

நாலரைக்கு ஆறு பிள்ளைகள் வந்துவிட்டார்கள். மற்றவர்கள் நம் ஊர் வழக்கப்படி ஆறு மணிக்குமேல்தான் வருவார்கள் என்பது சுனந்தாவுக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

“பாப்பா, கேக் வெட்டலாமா?”

“எழில் வரட்டும்.”

ஐந்து மணிக்கு மறுபடி கேட்டாள். அதே பதில். ஐந்து பத்துக்கு மாடிக்குப் போய்ப் பார்த்தாள். சூரியன் மலை முகட்டுக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் இருந்தது. கீழே வந்து மகளின் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள்.

“வெட்டிட்டு எழிலுக்கு ஒரு பீஸ் எடுத்து வைக்கலாம்டி. இல்லன்னா நீ சாப்பிட முடியாதே.”

“எனக்காக அவ டெய்லி வெங்காயமே சாப்பிடறதில்ல. அவளுக்காக நான் வெய்ட் பண்ணக் கூடாதா?”

புது வீட்டில் முதல் பிறந்தநாள். வெட்டினால் பிள்ளை தோழியை விட்டுவிட்டதாக அழுவாள். வெட்டாமல் காத்திருந்தால், வெயில் போனபின் தன் கேக்கை மற்றவர்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இரண்டையும் நினைத்துப் பார்த்தபோது சுனந்தாவுக்கே அழுகை முட்டியது. அடுக்களைக்குள் போய்ப் பஜ்ஜியைத் திருப்பிப் போட்டாள்.

ஐந்து இருபதுக்கு நிழல் எதிர்வீட்டுச் சுவரில் ஏறி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போய்விட்டது.

6

ஆட்டோ சத்தம் கேட்டது ஐந்து இருபத்தெட்டுக்கு.

எழில் ஓடிவந்து, பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். பென்சில் பாக்ஸ். கோயில் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது. கீர்த்தனா அதைப் பார்க்கவே இல்லை.

“சூரியன் போயிடுச்சு எழில்,” என்றாள். அவ்வளவுதான், இரண்டு பேரும் சேர்ந்து அழ ஆரம்பித்தார்கள்.

ஜினசந்திரன் நாட்காட்டியையே ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார். “இங்க பாரு பாப்பா, ஆறு பத்து வரைக்கும் டைம் இருக்குது.”

“கண்ணுக்குத் தெரியலியேப்பா.”

“ஏம்மா எழில் இவ்ளோ லேட்டு?” என்றாள் சுனந்தா.

“நாலு மணிக்கே வந்தேன் ஆன்ட்டி. கிஃப்ட் இல்லாம வந்துட்டமா, அதான் வாங்கப் போனோம்.”

“வேணாம்னுதானடா போட்டிருந்தேன்?”

“இன்னா கொண்டாந்தன்னு கேட்டாங்க.”

“யாரு கேட்டது?”

எழில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்தில் இருந்த எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். அவளிடமிருந்து நாலடி தூரத்தில் ராஜம்மாள் நின்றிருந்தாள்.

“யாரோ ஒரு ஆன்ட்டி. தெரியல,” என்றாள் எழில்.

சுனந்தா மூலையைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லியும் வந்த பெட்டிகள் அங்கே அடுக்கியிருந்தன. தன்னுடைய அந்த நல்ல வரியைச் சரியாக மதித்தவள் மட்டும் வாசலோடு திரும்பிப் போயிருக்கிறாள். எழிலைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டு, “தப்பு என்னுதுடா கண்ணு,” என்றாள்.

மாறன் கேட்டுக்கு வெளியிலேயே நின்று மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, பாப்பா சூரியனப் பாக்கணும்ன்றாங்களா? மலைக்கு அந்தாண்ட எங்க ஊர்ல இன்னும் வெயில் அடிக்குமேம்மா. மலை இந்தப் பக்கந்தான மறைக்குது. அங்க ஆறு மணி வரைக்கும் கண்ணு கூசும்.”

கீர்த்தனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“போய்ச் சேர எவ்ளோ நேரம் ஆவும்?” என்றாள் சுனந்தா.

“இருவது நிமிசம். ரோடு ஃப்ரீயா இருந்தா அதவிடக் கம்மி.”

சுனந்தா கேக்கைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கேக்கை அட்டைப்பெட்டியோடு தூக்கினாள். “எல்லாரும் ஏறுங்க!”

ஓர் ஆட்டோவில் எட்டுப் பிள்ளைகள், ஓர் அம்மா, அவள் மடியில் கேக். பின்னாலேயே ஜினசந்திரன், ஸ்கூட்டரில் பஜ்ஜித் தூக்குவாளியும் கத்தியுமாக. (பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்டார்களா என்று இதழாசிரியர் கேட்பார். ஆட்டோ கிளம்பிய பிறகு ஃபோனில் கேட்டார்கள்.) ஐந்து முப்பத்தெட்டுக்குத் தெருமுனையில் திரும்பினார்கள். எழில் கம்பிக்கு வெளியே தலையை நீட்டி அப்பாவுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

7

ராஜம்மாள் என்று எங்கள் தெருவில் யாரும் இல்லை. எதிர்வீடு என் வீடு.

அந்தப் பெட்டி நான் வாங்கியது. உள்ளே பிளாஸ்டிக் அடுப்பங்கரை, தட்டினால் குக்கர் விசில் அடிக்கும். முதல் குறிப்பையும் மூன்றாவது குறிப்பையும் எழுதிய அதே கைதான் அதைத் தூக்கிக்கொண்டு போனது. வாசலில் அந்தக் கேள்வியைக் கேட்ட வாயும் என்னுடையதே. அந்தப் பெண்தான் எல்லோரும் காத்திருக்கும் எழில் என்று அவள் திரும்பி வரும்வரை எனக்குத் தெரியாது. வேறொரு பெயர் வைத்து எழுதினால் வெட்கம் கம்மியாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

கூடத்தில் அவள் எல்லோரையும் பார்த்தபோது என்னையும் பார்த்தாள். கண்ணுக்குக் கண். அவளுக்கு நன்றாகவே தெரியும். ஒரு பிறந்தநாள் வீட்டில் யாரையும் கைநீட்டிக் காட்டக் கூடாது என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, தெரியவில்லை. “யாரோ ஒரு ஆன்ட்டி” என்று சொல்லி என்னைக் காப்பாற்றிவிட்டாள். அன்று அந்த வீட்டில் எனக்குத்தான் மிகப் பெரிய அன்பளிப்பு கிடைத்தது, கொடுத்தவளுக்கு எட்டு வயது. அந்த நான்காவது குறிப்பை இனி எப்படி முடிப்பேன்?

ஆறு மணிக்குமேல் வரும் விருந்தாளிகளை உட்காரவைக்க என்னை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் மாடிக்கு ஏறினேன்.

8

முடிவு எழுத வேண்டும்.

முடிவு ஒன்று: அடி அண்ணாமலையில் வயல் முழுக்க வெயில். ஆட்டோவின் பின்சீட்டில் கேக்கை வைத்து வெட்டுகிறார்கள். சூரியன் கேக்கைப் பார்க்கிறது, கீர்த்தனா எழிலுக்கு ஊட்டிவிடுகிறாள், எல்லோரும்

முடிவு இரண்டு: ஞாயிற்றுக்கிழமை என்பதால் கிரிவலப் பாதை முழுக்க வெளியூர் வண்டிகள். இரண்டு நிமிஷம் பிந்திவிடுகிறது. கீர்த்தனா சாப்பிடவில்லை, அவளுக்காக எழிலும் சாப்பிடவில்லை. மறுநாள் காலை வெயிலில் இரண்டு பேரும் நேற்றைய கேக்கை

இரண்டையும் நான் முடிக்கப் போவதில்லை. நடந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. மறுநாளே கீர்த்தனா ஓடிவந்து மூச்சுவிடாமல் சொன்னாள். ஆனால் அந்த வெயில் எழில் அவளுக்குக் கொடுத்தது. அடுத்தவருக்கு வந்த பரிசை நான் பிரித்துக் காட்டுவது முறையல்ல. அதனால் கதைக்குள் என்னை அந்த மொட்டைமாடியிலேயே நிறுத்திக்கொள்கிறேன், மணி ஐந்து ஐம்பத்தேழு.

நீங்கள் அடி அண்ணாமலையில், ரோட்டோரம் நில்லுங்கள். ஓர் ஆட்டோ வளைவில் திரும்பும். பார்ப்பதற்கு முன்பே பிள்ளைகளின் கூச்சல் கேட்டுவிடும். பின்னால் ஒரு ஸ்கூட்டர் வரும். எழில்தான் முதலில் குதிப்பாள், கீர்த்தனாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டோரத்துக்கு ஓடுவாள், சுனந்தா மடியில் கேக்கோடு ஆட்டோவுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பாள். மூன்று பேரும் மேற்கே திரும்புவார்கள்.

நீங்களும் திரும்பிப் பாருங்கள். எனக்கு இங்கிருந்து மலை மறைக்கிறது.