மூலத்தில் இல்லாத கிளை

"கோட் வைக்க எல்லாருக்கும் பொதுவா ஒரு களஞ்சியம் போட்டுடும்மா" என்று தலைமைப் பொறியாளர் சொன்னபோது, இதென்ன பிரமாதம் என்றுதான் அவள் நினைத்தாள். மென்பொருளை உருவாக்கிய மூல நிறுவனம் எழுதும் கோட் அப்படியே இவர்கள் சர்வரிலும் விழவேண்டும். அங்கே மாறினால் இங்கேயும் மாறவேண்டும். அதற்குப் பெயர் கண்ணாடி. காலையிலேயே போட்டு முடித்து, நிம்மதியாகச் சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்து பார்த்தால், கூட வேலை செய்யும் நெட்டையன் தன் திருத்தங்களைத் தனியாக வைத்திருந்த கிளையைக் காணோம்.

மூலத்தில் இல்லாத எதையும் கண்ணாடி அழித்துவிடும். நெட்டையன் மாதக்கணக்கில் மாரடித்து எழுதிய திருத்தங்கள் மூலத்தில் ஏது? புதிதாக ஓரிடம் திறக்காமல், அலுவலகத்தின் பழைய களஞ்சியத்தின் மேலேயே கண்ணாடியைப் போட்டுத் தொலைத்திருந்தாள். குப்பை சேரக்கூடாதென்று சர்வரை உடனுக்குடன் பெருக்கித் துடைக்க ஏற்பாடு செய்த புண்ணியவதியும் அவளேதான்; அழிந்ததை இனி அங்கிருந்து மீட்க முடியாது. அவன் லேப்டாப்போ போன வாரமே தண்ணீர் கொட்டி உயிரை விட்டிருந்தது. மனைவியின் பிரசவத்துக்காக அவன் மருத்துவமனையில் இருந்தான்.

மற்றவர்களிடம் நகல் இருக்குமே? மேசை மேசையாக ஓடினாள். எங்கும் இல்லை.

"காலையில நீங்கதானே இந்தக் கட்டளைய ஓட்டச் சொன்னீங்க? கண்ணாடியில இல்லாததெல்லாம் எங்க கம்ப்யூட்டர்லயும் போயிடும்னு?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

எல்லாரும் ஓட்டியிருப்பார்கள், மாடியில் உட்காரும் ஒருவனைத் தவிர. சொன்ன வேலையைச் சொன்ன அன்றே செய்யாத தூங்குமூஞ்சி. நேற்றுகூட அதற்காக அவனைக் கிழிகிழியென்று கிழித்திருந்தாள்.

போன் அடித்தாள். எடுக்கவில்லை. மாடிக்கு ஓடினாள். பாவி, இன்று பார்த்து விழித்திருந்தான். அந்தக் கட்டளையை ஓட்ட விரல் விசைப்பலகைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"தொடாதே!"

பாய்ந்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள்.

"என்னக்கா இது? இன்னிக்காவது சொன்ன பேச்சு கேக்கலாம்னு பாத்தா விடமாட்டேங்கிறீங்களே!"

"கையை எடுடா. கிளையெல்லாம் காட்டு."

காட்டினான். கடைசி வரியில் நெட்டையனின் கிளை இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் போன் அடித்தது. நெட்டையன்.

"பொண்ணு பொறந்திருக்காம்மா! அங்க என் வேலையெல்லாம் பத்திரமா இருக்குல்ல?"

"இப்ப இருக்குண்ணே" என்றாள். பிடுங்கிய கேபிளை அவள் கை இன்னும் விடவில்லை.