செத்தவீட்டு முற்பணம்

எங்கள் சங்கத்தின் பெயர் மரண உதவிச் சங்கம். மாதம் இருநூறு ரூபா கட்ட வேண்டும். அங்கத்தவர் செத்தால் வீட்டுக்கு ஒரு லட்சம் ரூபா கிடைக்கும். அதோடு பந்தல், கதிரை, கிடாரம், ஓடியாடி வேலை செய்ய நாலு பெடியன்கள். நெடுந்தீவில் இதைவிட ஒழுங்காக நடக்கும் சங்கம் வேறில்லை. நான் செயலாளர் என்பதற்காகச் சொல்லவில்லை. இதுவரை பயன்பெற்ற ஒருவரும் வந்து குறை சொன்னதில்லை.

ஒன்பது வருடமாக நடத்துகிறேன், விளங்காதது என்று ஒன்றும் இருக்கவில்லை. போன ஆவணியில் சின்னக்குட்டி அண்ணை வந்து எல்லாவற்றையும் குழப்பிவிட்டுப் போனார்.

பகலில் நான் கூட்டுறவுக் கடையில் வேலை செய்கிறேன். அன்று கடை ரேடியோவில் இரண்டு பேர் நாட்டு மக்கள் எல்லோருக்கும் சுகாதாரக் காப்புறுதி வேண்டுமா வேண்டாமா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். சுகமாக இருப்பவர்களும் கட்டினால்தான் வருத்தக்காரர் தப்பலாம் என்றார் ஒருவர். எனக்கு அது சரியாகப் பட்டது. ஏற்கெனவே வரி கட்டுகிறோம், இன்னுமொரு முறை ஏன் கட்ட வேண்டும், சம்பளமே இல்லாதவனிடம் எதை வெட்டுவது என்றார் மற்றவர். அதுவும் சரியாகப் பட்டது. என்னுடைய வருத்தம் இதுதான். யார் கடைசியாகப் பேசுகிறாரோ அவர் சொல்வது சரி என்று எனக்குத் தோன்றிவிடும்.

சின்னக்குட்டி அண்ணையும் கேட்டுக்கொண்டு நின்றார். அவருக்கு அறுபது வயது. மாடு வைத்திருப்பவர். ஒன்றும் வாங்கவில்லை, போகவும் இல்லை. கடையில் ஆள் குறைந்த பிறகு மெல்லக் கிட்ட வந்தார்.

"தங்கச்சி, என்ரை செத்தவீட்டுக் காசை இப்ப எடுக்கலாமோ?"

"நீங்கள் இன்னும் சாகேல்லையே அண்ணை."

"அதுதான் கேக்கிறன்."

அவருக்கு நெஞ்சில் அடைப்பு. அரசாங்க ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம், ஆனால் பரிசோதனைக்குக் கிடைத்த திகதி சித்திரையில். இடையில் எட்டு மாதம். பார்த்த டொக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அவ்வளவு நாள் பொறுக்க வேண்டாம், எப்படியாவது வெளியில் காசு கொடுத்துச் செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அண்ணை நாலு மாட்டை விற்றுவிட்டார். ஒரே மகள் வவுனியாவில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு தன் காதுத்தோட்டை அடகு வைத்து அனுப்பியிருக்கிறாள். அப்படியும் இன்னும் ஒரு லட்சம் குறைந்தது.

"சித்திரைக்கு முன்னம் நான் போனன் எண்டால் நீங்கள் ஒரு லட்சம் தரத்தானே போறியள். அதை இப்பவே தந்தால் நான் போகாமல் இருக்கலாம்," என்றார்.

இதில் எங்கே பிழை இருக்கிறது என்று இரண்டு நாள் யோசித்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. பிழை இல்லை என்று சொல்லவும் தைரியம் வரவில்லை. தலைவர் தயாபரன் மாஸ்டரிடம் கொண்டுபோனேன். பாடசாலையில் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்த மனிதர் அவர். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பொதுக்கூட்டம் வைப்போம் என்றார். பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்கு அவருக்குத் தெரிந்த மரியாதையான வழி அது.

ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலை மண்டபம் நிறைந்துவிட்டது. செத்தவீடு இல்லாமல் எங்கள் சங்கத்துக்கு இவ்வளவு கூட்டம் வந்ததை நான் பார்த்ததில்லை. சின்னக்குட்டி அண்ணை முன்வரிசையில் இருந்தார். அவருடைய மனைவி ஆச்சிமுத்து அக்கா பெண்களோடு பின்னால் இருந்தார்.

மாஸ்டர் சங்கத்தின் விதிகள் எழுதிய யாப்பை எடுத்து வாசித்தார். "அங்கத்தவர் ஒருவர் இறந்தால் எண்டுதான் இதிலை இருக்கு. இறக்க முன்னம் எண்டு ஒரு இடத்திலையும் இல்லை."

"எப்ப இறந்தால் எண்டும் இல்லையே மாஸ்டர்," என்று எழும்பினான் டிலோன். கடற்றொழில் செய்யும் இளந்தாரி, வாயும் கொஞ்சம் நீளம். "எல்லாரும் ஒருநாள் இறக்கிறதுதானே. அவர் தன்ரை காசைக் கொஞ்சம் முந்திக் கேக்கிறார், அவ்வளவுதான்."

பாலர் பாடசாலை ரீச்சர் கோசலா விடவில்லை. "இண்டைக்கு இவருக்குக் குடுத்தால் நாளைக்கு ஆருக்கு நெஞ்சு நோகாது? எனக்கும்தான் முழங்கால் நோகுது. பிறகு வருத்தம் வந்த ஆக்கள் மட்டும்தான் சங்கத்திலை சேருவினம். சுகமா இருக்கிறவை விலகிப் போயிடுவினம். ஆர் கட்டிறது?"

ரேடியோவில் பேசியவர் இதைத்தான் அரை மணித்தியாலம் சொன்னார். கோசலா நாலு வசனத்தில் முடித்துவிட்டாள். சரிதானே என்று நினைத்துக் குறிப்புக் கொப்பியில் எழுதினேன்.

அதற்குள் பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "காசைக் குடுத்து, அவர் பிழைச்சு வந்தால் என்ன செய்யிறது? திருப்பித் தருவாரோ?"

"பிழைச்சு வந்த மனுசனிட்டைச் செத்தவீட்டுக் காசைத் திருப்பித் தா எண்டு கேக்கிறதோ?" என்றான் டிலோன்.

"அப்ப பிறகும் மாதா மாதம் கட்டவேணுமோ?"

"ஏன் கட்டிறது? சங்கத்தைப் பொறுத்தவரைக்கும் அவரின்ரை செத்தவீடு முடிஞ்சுது."

"பிறகு உண்மையாச் செத்தால்?"

"பந்தல் போடேலாது," என்றார் மாஸ்டர் கவலையோடு.

சின்னக்குட்டி அண்ணை கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். "எனக்குப் பந்தல் வேண்டாம் மாஸ்டர். நான் வெயிலிலை கிடக்கிறன்."

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களிடம் கேட்போம் என்றார் ஒருவர். அவர்கள் கோயில் வளைவுக்குத்தான் காசு அனுப்புவார்கள், அதில் பெயர் போடலாம், அண்ணையின் நெஞ்சுக்குழாயில் பெயர் போட முடியாது என்றார் இன்னொருவர். சந்தாவை முந்நூறாக்கி, கூடிய நூறு ரூபாவை வருத்தத்துக்கென்று தனியாக வைப்போம் என்று டிலோன் சொன்னான். அதற்குச் சீதேவி அக்கா எழும்பினார். எழுபது தாண்டியவர், சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அங்கத்தவர்.

"நான் ஒருநாளும் ஆஸ்பத்திரிப் படி ஏறினதில்லை. மற்றவையின்ரை வருத்தத்துக்கு நான் ஏன் கட்டவேணும்?"

"இவ்வளவு காலமும் மற்றவையின்ரை சாவுக்குக் கட்டினீங்கள்தானே. நீங்கள் சாகேல்லையே அக்கா," என்றான் டிலோன்.

சீதேவி அக்கா அவன் பக்கம் திரும்பினார். "செத்தவன் ஒருக்காத்தான் கேப்பான் தம்பி. வருத்தக்காரன் கேட்டுக்கொண்டே இருப்பான்."

அதுவும் சரிதான். குறிப்புக் கொப்பியில் நான் எழுதியிருந்ததைப் பார்த்தால் எட்டுப் பேர் பேசியிருந்தார்கள், எட்டுப் பேரும் சரியாகப் பேசியிருந்தார்கள்.

கடைசியில் வாக்கெடுப்பு. கொடுக்கலாம் என்று கை உயர்த்தியவர்கள் இருபத்தொரு பேர். கொடுக்கக்கூடாது என்றவர்களும் இருபத்தொரு பேர். இரண்டாம் முறையும் எண்ணினேன், மாறவில்லை.

"தலைவர் வாக்குப் போட்டால் பக்கச்சார்பு எண்டு கதைப்பினம்," என்றார் மாஸ்டர். "பவதாரணி, நீர் எண்ணிக்கொண்டு நிண்டீர், கை உயர்த்தேல்லை. நீர் சொல்லும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சின்னக்குட்டி அண்ணை மட்டும் பார்க்கவில்லை. கேட்டதற்கு வெட்கப்பட்டவர் போல நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "குடுப்பம்," என்றேன். கொப்பியில் இருபத்திரண்டு என்று எழுதினேன்.

மாஸ்டர் ஒரு நிபந்தனை போட்டார். எங்களிடம் ஒரேயொரு வகைப் படிவம்தான் உண்டு, அது மரணப் படிவம். காசு எதற்காகப் போனாலும் அந்தப் படிவம் கணக்குக் கோப்பில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வருட முடிவில் கணக்குப் பார்க்க வருகிறவருக்குப் பதில் சொல்ல முடியாது. மரணச் சான்றிதழ் பிறகு வரும் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதினால் போதும் என்றார். கணக்கு மாஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பிவிட்டேன்.

பின்னேரம் படிவத்தை எடுத்துக்கொண்டு சைக்கிளில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணை மிச்ச மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். காசைப் பெறுகிறவர் மனைவிதானே, அக்காவிடமே கையெழுத்தை வாங்கிக்கொண்டு போகலாம் என்று படிவத்தை நீட்டினேன். அவர் நின்றபடியே வாசித்தார்.

"இதிலை இறந்தவர் எண்டு அவரின்ரை பேரெல்லே கிடக்கு."

"கடதாசியிலைதானே அக்கா."

"கடதாசி எண்டாலும் நான் என்ரை கையாலை வைக்கமாட்டன்."

எனக்கு உள்ளதைச் சொன்னால் எரிச்சல் தாங்க முடியவில்லை. காலையிலிருந்து தொண்டைத்தண்ணி வற்றக் கத்திய சனம், என்னுடைய ஒரு கை, எல்லாம் இந்த ஒரு கையெழுத்துக்காக. "அவர் உயிரோடை இருக்கவேணும் எண்டுதானே இவ்வளவும். இதிலை சகுனம் பாக்கிறியள். நாளைக்குக் காலமைப் படகிலை ஆஸ்பத்திரிக்குப் போறதோ, இல்லையோ?" என்று கொஞ்சம் காரமாகவே கேட்டுவிட்டேன்.

அக்கா உள்ளே போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. அழப்போகிறாரோ என்று நான் பயந்துகொண்டு நிற்க, கையில் ஒரு சந்தாப் புத்தகத்தோடு வந்தார். அவருடைய புத்தகம். ஒரு மாதமும் பிந்தாமல் கட்டியிருந்தார், எல்லாவற்றிலும் என் கையெழுத்து இருந்தது.

"நானும் அங்கத்தவர்தானே. என்ரை காசை எடுங்கோ. வேறை படிவம் ஒண்டிலை என்னைப் போட்டு எழுதுங்கோ. அவர் கையெழுத்து வைச்சு வாங்கட்டும்."

"அக்கா, நீங்கள் செத்ததா எழுதச் சொல்லுறியளோ?"

"ஓம். அவருக்கு முந்திப் பொட்டோடை போகவேணும் எண்டுதானே நான் கோயிலிலை கேக்கிறனான்." அவருடைய முகத்தில் கவலை இருக்கவில்லை. கடினமான கணக்கு ஒன்றுக்கு விடை கண்டுபிடித்தவர் போல இருந்தார்.

"பிறகு உங்கடை செத்தவீட்டுக்கு என்ன செய்யிறது?"

"அவர் இருப்பார்தானே," என்றார் அக்கா. "அவர் பாப்பார்."

கூட்டம் அனுமதித்தது சின்னக்குட்டி அண்ணையின் சாவை. இவருடையதை அல்ல. இது செல்லுமா செல்லாதா, நான் செய்வது உதவியா களவா, ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் எழுதினேன். இறந்தவர் பெயர்: ஆச்சிமுத்து. வயது: ஐம்பத்தாறு. திகதி என்ன போடுவது என்று கேட்டேன். இன்றைக்கே போடச் சொன்னார். மரணத்துக்கான காரணம் என்ற கோட்டுக்கு வந்தபோது கை ஓடவில்லை, வெறுமையாக விட்டேன். காசு பெறுபவர்: சின்னக்குட்டி. உறவுமுறை: கணவர்.

"மேல்பக்கத்தை மடிச்சுக் குடுங்கோ. கண்டால் வைக்கமாட்டார்," என்று சொல்லிவிட்டு அக்கா தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டார்.

அண்ணை வந்தார். மூச்சு வாங்கியது. கதிரையில் இருக்கவைத்து, மடித்த படிவத்தையும் பேனையையும் கொடுத்தேன். அவர் மடிப்பை விரித்தார். நான் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. எழுத்துக் கூட்டி, உதடு அசைய, மேலிருந்து கீழ்வரை வாசித்தார். பிறகு குசினிப் பக்கம் பார்த்தார். அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கோப்பையில் சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தார். அது எப்போதோ கலந்து முடிந்திருக்கும்.

அண்ணை குனிந்து, நேரமெடுத்து எழுதிவிட்டுத் தந்தார். கையெழுத்து வைக்கும் இடம் அப்படியே வெறுமையாக இருந்தது.

"கீழை வைக்கவேணும் அண்ணை."

"ஓ, கீழையோ," என்று வாங்கிக் கீழேயும் வைத்தார். கண்ணைத் துடைத்தார். புகை என்றார். குசினியில் இருப்பது காஸ் அடுப்பு.

மறுநாள் விடியவே படிவத்தோடு மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். ஆச்சிமுத்து என்ற பெயரைக் கண்டு தலையில் கைவைத்தார். நடந்ததைச் சொன்னேன். இரண்டு பேரும் அங்கத்தவர்கள்தான், இரண்டும் ஒரு லட்சம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காசோலைப் புத்தகத்தை எடுத்தார். எழுதப் போனவர் நிறுத்திவிட்டுப் படிவத்தைத் திரும்பப் பார்த்தார்.

"இதென்ன, மரணத்துக்கான காரணம் எண்ட இடத்திலை சின்னக்குட்டி எண்டு கிடக்கு. மனுசன் இடம் மாறி எழுதிப்போட்டுது போலை. வெட்டிவிடும்."

பேனையை என்னிடம் நீட்டினார்.

"பிழையில்லை மாஸ்டர்," என்றேன். "அவர் வாசிச்சுத்தான் எழுதினவர். நீங்கள் காசோலையை எழுதுங்கோ, படகு வெளிக்கிடப் போகுது."