எந்தக் கெம்பஸ் முதலில்?

ஏ.எல். பரீட்சைப் பெறுபேறு வந்த நாளிலிருந்து மெரினாவுக்கு மண்டை குழம்பிப்போய்க் கிடந்தது. பாஸ் பண்ணத் தெரிந்த பிள்ளைக்கு எந்தக் கெம்பஸை முதலில் போடுவதென்று தெரியவில்லை. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் போடும் வரிசைதான் தலையெழுத்து. மேலே போட்டது கிடைத்துவிட்டால் கீழே உள்ளதைக் கனவிலும் கேட்க முடியாது.

புத்தி சொல்ல வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் ஆளா இல்லை? ஞானத்தகப்பன் றோலண்ட் யாழ்ப்பாணம் என்றார். மறுநாளே, அங்கே நம்ம மலையகப் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள் என்று அவரே மனசைக் கலைத்தும் விட்டார். அம்மா அந்தோனியம்மாவுக்குப் பேராதனைதான். "ரயில் ஏறுனா வீடு. எனக்கு ஒண்ணுன்னா ஓடி வந்துறலாம்." அதுவும் சரியாகத்தான் பட்டது. யார் எதைச் சொன்னாலும் சரியாகப் படுவதுதான் மெரினாவின் வியாதி. விடிந்தால் யாழ்ப்பாணம், தேத்தண்ணி குடித்தால் பேராதனை. சே, இப்படியும் ஒரு மனசா என்று அவளுக்கே எரிச்சலாக வந்தது.

வாய் திறக்காதவள் அக்கா செலின் ஒருத்திதான். அவளும் பேராதனையில் படித்தவள். அம்மாவுக்குக் கால் முடியாமல் போனதும் பாதியில் நின்று, இப்போது அம்மாவுக்குப் பதிலாகக் கொழுந்து பறிக்கக் காலைப் பெரட்டுக்குப் போகிறாள். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தால்தானே லயத்துக் காம்பரா வீடு கையில் தங்கும்?

விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று அக்காவும் தங்கையும் மக்பூல் நானாவின் கொமியூனிகேஷன் கடையில் கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"முதல்ல என்ன போட, மகள்?" என்றார் நானா.

"பேராதனை." சொன்ன வேகத்திலேயே மெரினா கையை நீட்டித் தடுத்தாள். "இல்ல... இருங்க நானா."

செலின் வாய் திறந்தாள். "இதுல எது நானா ரொம்ப தூரம்?"

"யாழ்ப்பாணந்தான்."

"அத முதல்ல போடுங்க."

மெரினாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன்க்கா? அம்மாவுக்கு முடியலன்னா நான் எப்படி வர்றது?"

"பக்கத்துலதானேன்னு என்னையக் கூப்பிட்டாங்க, வந்தேன். மறுபடி கூப்பிட்டாங்க, வந்தேன்." செலினின் குரலில் கோபமே இல்லை. "படிப்ப விடுன்னு ஒருத்தரும் சொல்லல மெரினா. திரும்பிப் போன்னும் ஒருத்தரும் சொல்லல."

 அக்கா வந்து நின்ற ஒவ்வொரு தடவையும், அப்பாடா, சோறாக்க ஆள் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டவர்களில் மெரினாவும் ஒருத்தி.

"யாழ்ப்பாணமே போடுங்க நானா," என்றாள். அம்மாவிடம் என்ன சொல்வதென்றுதான் இன்னும் தெரியவில்லை.