ஸ்டீரியோவுக்குப் பின்னால்

கணவனை விட்டு வந்தபோது அவள் எடுத்து வந்தது மகளையும் தன் பழைய காரையும் மட்டுமே. நான்கு மாதத்தில் இரண்டு வீடு மாறினாள். இரண்டு முறையும் ஒரே வாரத்தில் அவன் வாசலில் வந்து நின்றான். முகவரி தெரிந்தவள் அவளுடைய தங்கை ஒருத்திதான். அதனால் தங்கையோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

காரில் போன் பாட்டுக் கேட்க வேண்டும் என்று மகள் நச்சரித்ததால், அன்று இருவரும் புளூடூத் பொருத்தக் கடைக்குப் போனார்கள். மெக்கானிக் ஸ்டீரியோவை வெளியே இழுத்தார். அவர் கை அப்படியே நின்றது.

“அக்கா, இது நீங்க வெச்சதா?”

வயர்களுக்கு நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

“என்ன அது?”

“கார் எங்க போகுதுன்னு யாரோ போன்ல பார்த்துட்டிருக்காங்க. ஸ்டீரியோ கேசட் காலத்துது, இதைச் சுத்தி ஒட்டின டேப் புதுசு, சமீபத்துலதான் வெச்சிருக்காங்க. கழட்டிடவா?”

“வேணாம். கழட்டினா அவனுக்குத் தெரிஞ்சிடும்.”

அவள் தங்கையை அழைத்து விஷயத்தைச் சொன்னாள்.

“உன்னைப் போய் தப்பா நினைச்சுட்டேன்டி.”

“அதெல்லாம் அப்புறம். காரை அங்கேயே விட்டுட்டு, பாப்பாவைக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறு. சேர்ந்தே போலீஸுக்குப் போவோம்.”

கடைக்குச் சற்றுத் தள்ளியிருந்த ஸ்டாப்பில் அரை மணி நேரம் கழித்துத்தான் பஸ் வந்தது. மகளோடு ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தாள். கடை வாசலில் அவன் பைக் நின்றது. காரின் கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தவன், மெல்ல நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தான்.