ஏறாத ஜிப்

ஜிப் இடுப்புக்குக் கீழேயே நின்றுவிட்டது.

துணி எங்காவது மாட்டிக்கொண்டதோ என்று அண்ணி பார்த்தாள். இல்லை. லைனிங்கை விலக்கிப் பார்த்தாள். அதுவும் ஒழுங்காகத்தான் இருந்தது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். டீச்சர் பிடித்தார். ஜிப் அசையவில்லை. பாட்டில் பச்சை நிறக் கவுனின் இடப்பக்கம் நாலு விரல் அகலத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"போன மாசம் சரியா இருந்துச்சே," என்றார் டீச்சர்.

அண்ணியும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் அவளுக்கு நாத்தனார், கணவரின் தங்கை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். இரண்டு தெரு தள்ளித் தனியாகக் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் அண்ணன் வீட்டில் சாப்பாடு. வயதில் அவர்தான் கொஞ்சம் மூத்தவர், ஆனாலும் முறைப்படி அவர்தான் 'அண்ணி' என்று கூப்பிட வேண்டும். அதில் அவருக்கு உள்ளூர ஒரு கடுப்பு. அண்ணிக்கோ, இத்தனை வருஷம் ஆகியும் நாத்தனாரை 'டீச்சர்' என்பதைத் தாண்டி நெருக்கமாகக் கூப்பிட வாய் வந்ததில்லை. இருவரும் கூச்சல் போட்டுச் சண்டை போட்டது கிடையாது. குத்துவதையும் குதறுவதையும் 'நீங்க' போட்டே செய்துகொள்வார்கள். அண்ணியின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் கூசாமல் இறங்குகிற மனுஷன், இந்த இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தால் செய்தித்தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

அண்ணி முன்பு ஒரு சலவைக் கடையின் பின்னறையில் ஆல்டரேஷன் வேலை பார்த்தாள். பேண்ட்டின் காலை மடிப்பது, ஜிப் மாற்றுவது, அவ்வளவுதான். மூடிவிட்டுப் போன பக்கத்துத் துணிக்கடைக்காரர்கள் குப்பையில் போடச் சொல்லி ஓர் அட்டைப்பெட்டியை அங்கே தள்ளிவிட்டுப் போனார்கள். உள்ளே முழுக்கப் பழைய காலத்துக் கவுன் பேட்டர்ன்கள். ஒவ்வோர் உறையின் மேலும் இடுப்பில் கை வைத்து நிற்கும் ஒருத்தியின் படம். உள்ளே வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய காகிதத்தில் வெட்டிய துண்டுகள். அவற்றில் கோடும் இல்லை, எழுத்தும் இல்லை, வெறும் ஓட்டைகள்தான். பெரிய ஓட்டைகள் காகிதத்தைத் துணியில் எந்த வாக்கில் போட வேண்டும் என்று காட்டும். சின்ன ஓட்டைகள் எங்கே டக் பிடிக்க வேண்டும் என்று காட்டும். இதைக் கண்டுபிடிக்கவே அண்ணி ஒரு மழைக்காலம் முழுக்க மல்லுக்கட்டினாள். கடைசியில் ஒன்றைத் தைத்து, தானே போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். வீடு திரும்புவதற்குள் இரண்டு பேர் நிறுத்தி எங்கே தைத்தது என்று கேட்டுவிட்டார்கள். அப்புறம் சலவைக் கடைக்குப் போகவே நேரமில்லை. வீட்டு முன்னறையில் மிஷினும் ஆளுயரக் கண்ணாடியும் வந்தன.

டீச்சரை டிராக் பேண்ட்டைத் தவிர வேறு எதிலும் யாரும் பார்த்ததில்லை. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, மேஜைமேல் கிடந்த ஓர் உறையை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். பள்ளிக்கூடத்தின் ஐம்பதாவது ஆண்டு விழாவில் தன்னை மேடையேற்றிப் பரிசு கொடுக்கப் போகிறார்கள் என்றும், இது தனக்கு நன்றாக இருக்குமா என்றும் கேட்டார். அண்ணி கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள்.

பழைய பேட்டர்ன் என்றால் இடுப்பு ஒரு பிடிதான் இருக்கும். இந்தக் காலத்துப் பெண்கள் யாருக்கும் அது அப்படியே பொருந்தாது, அங்கே இங்கே கூட்டித்தான் ஆக வேண்டும். டீச்சருக்கு ஒன்றும் கூட்ட வேண்டியிருக்கவில்லை. நல்ல துணியில் கத்தரி வைப்பதற்கு முன் மலிவான காடாத் துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்ப்பது அண்ணியின் வழக்கம். அந்தக் காடாக் கவுன் டீச்சர் உடம்பில் ஒட்டி வைத்தது போல் உட்கார்ந்தது. டீச்சர் கண்ணாடிக்கு முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். காலேஜில் ஓட்டப்பந்தயம் ஓடிய காலத்து இடுப்பு இன்னும் அப்படியே இருப்பதாகச் சொன்னார். சொல்லும்போது கண் அண்ணியின் இடுப்பில் இருந்தது.

அந்த அளவை நம்பித்தான் அண்ணி பச்சைத் துணியை வெட்டினாள். நடுவில் வேறு வேலைகள் வந்து ஒரு மாதத்துக்கு மேல் இழுத்துவிட்டது. இப்போது ஜிப் ஏற மாட்டேன் என்கிறது.

வெட்டும்போது கவனம் தப்பியிருக்கும், பரவாயில்லை என்றார் டீச்சர். அந்தப் 'பரவாயில்லை'தான் அண்ணிக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் போனதும் காகிதத் துண்டுகளைப் பச்சைத் துணிமேல் பரப்பி ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். துணியில் கைக்குட்டை அளவுகூட மிச்சமில்லை, தப்பு அவளுடையது என்றால் எல்லாம் போச்சு. ஆனால் தப்பு இல்லை. ஓட்டைக்கு ஓட்டை, தையலுக்குத் தையல் எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் அவளுக்கு வந்தது, உண்மையைச் சொன்னால், சந்தோஷம்.

அன்று சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். "உங்க தங்கச்சி சதை போட்டிருக்காங்க. பழிய என் கத்தரிமேல போடுறாங்க."

அவர் அதைத் தங்கையிடம் போனில் பக்குவமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, வயசானால் எல்லாருக்கும் வருவதுதானே என்று சொல்லி வைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் சாப்பிட வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. கவுனை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி அண்ணன் மூலமாகச் செய்தி மட்டும் வந்தது.

அண்ணியால் அதைத் தாங்க முடியவில்லை. தன் வேலையில் குறை என்று ஊரெல்லாம் பேச்சு வந்துவிடும் என்று பொருமினாள். ஒரு மத்தியானம் காடாக் கவுன், இஞ்ச் டேப், குண்டூசி டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு டீச்சர் வீட்டுக்குக் கிளம்பினாள். முதலில் பொருந்திய அதே துணி. அதைப் போட்டால் யார் பக்கம் தப்பு என்று தெரிந்துவிடும். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

டீச்சர் கதவைத் திறந்தார். தரையில் பாய் விரித்திருந்தது. உடற்பயிற்சியில் இருந்திருக்கிறார், நெற்றியெல்லாம் வேர்வை. அண்ணி விஷயத்தைச் சொன்னாள். டீச்சர் மறுப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் மறுக்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், மாற்றிக்கொண்டு வந்து, கையை அகட்டி நின்றார்.

"பாருங்க. நல்லாப் பாருங்க," என்றார்.

அண்ணி மண்டி போட்டு உட்கார்ந்தாள். கீழே வயிற்றுப் பக்கம் துணி ஒரு ஜாண் அகலத்துக்குத் திறந்து கிடந்தது. பச்சைக் கவுனில் நாலு விரலாக இருந்தது, இப்போது ஒரு ஜாண். சொல்ல வந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்வதற்காக நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள்.

அப்போதுதான் மேலே கண் போனது. முதலில் பிடிப்பாக இருந்த தோள், கழன்று விழுகிற மாதிரித் தொங்கியது. மார்பு டக் இரண்டும் காற்றுப் போன பை மாதிரிச் சப்பையாக மடிந்து கிடந்தன. கழுத்தெலும்புக்குக் கீழே துணிக்கும் உடம்புக்கும் நடுவில் கையையே நுழைக்கலாம். கைத்துளை வழியாக விலா எலும்பு தெரிந்தது. டிராக் சூட்டுக்குள் இதெல்லாம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

சதை போட்டவளுக்குத் தோள் ஏன் இளைக்க வேண்டும்?

அண்ணி இஞ்ச் டேப்பை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள். கை வயிற்றில் பட்டது. சதை என்றால் அமுங்கும். எத்தனை வயிறுகளை அந்தக் கை பார்த்திருக்கிறது. இது அமுங்கவில்லை. தண்ணீர் நிறைத்து வாயைக் கட்டிய ரப்பர் பை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. அண்ணியின் கையிலிருந்து டேப் நழுவித் தரையில் விழுந்தது.

"வாயு," என்றார் டீச்சர். "ரெண்டு வாய் சாப்பிட்டாலே நெறஞ்சுடுது. அதான் சாப்பாட்டக் கொறச்சிட்டேன். காலையில பயிற்சி, இப்ப சாயங்காலமும் பண்றேன். இந்த வயிறு மட்டும் எறங்க மாட்டேங்குது."

"எப்பலேர்ந்து சாயங்காலம்?"

டீச்சர் காலால் பாயின் ஓரத்தைச் சரிசெய்தார். அவர் சொல்லத் தேவையில்லை. 'சதை போட்டிருக்காங்க' என்ற பேச்சு காதில் விழுந்த நாளிலிருந்து. பட்டினியும் கிடந்து, வயிற்றுக்குள் என்னவோ வளர்கிறதை வைத்துக்கொண்டு இந்த மனுஷி படுத்துப் படுத்து எழுந்திருக்கிறாள்.

"நீ மொதல்ல ஒக்காரு," என்றாள். 'நீ' என்று சொன்னது அவளுக்கே தெரியவில்லை. டீச்சருக்குத் தெரிந்தது. தெரிந்து, நாற்காலியில் உட்கார்ந்தார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். விழா முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். அண்ணி காது கொடுக்கவில்லை. கணவர் வேலை பார்த்த உடுப்போடு, கையில் கிரீஸோடு ஓடி வந்தார். ஸ்கேன் எடுத்த டாக்டர் சின்ன வயதுப் பெண். திரையை முதலில் சாதாரணமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் கருவியை இன்னும் கீழே, இன்னும் மேலே என்று நகர்த்திக்கொண்டே போனாள். அப்புறம் எழுந்துபோய்ப் பெரிய டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சினைப்பையில் கட்டி. அடிவயிற்றில் தொடங்கி விலா வரைக்கும் வந்துவிட்டது. குடலையும் இரைப்பையையும் அது ஓரமாகத் தள்ளிவிட்டதால்தான் சாப்பாடு இறங்கவில்லை. நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்பது எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார் பெரிய டாக்டர். பயிற்சி பண்ணினேன் என்று டீச்சர் சொன்னதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். அது முறுக்கிக்கொண்டிருந்தாலோ வெடித்திருந்தாலோ என்று ஆரம்பித்தவர், எதிரே இருந்த முகங்களைப் பார்த்துவிட்டு மேலே சொல்லவில்லை.

டீச்சர் அழவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இவ்வளவு பெரியதைத் தன் உடம்பே தன்னிடம் சொல்லாமல் எப்படி வைத்துக்கொண்டது என்று. ஓட்டமும் பயிற்சியுமாக, அந்த உடம்பின் ஒவ்வொரு நரம்பையும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர்.

அறுவை சிகிச்சை நாளில் அண்ணியும் கணவரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் செய்தித்தாளைக் கையில் வைத்திருந்தார், பிரிக்கவே இல்லை. வெளியே வந்த டாக்டர், எடுத்த கட்டியைப் போனில் பிடித்திருந்த படத்தைக் காட்டினார். பிறந்து சில மாதமான குழந்தை அளவு இருந்தது. கணவர் கையிலிருந்த செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார். அண்ணி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

பரிசோதனை முடிவு நல்லபடியாகவே வந்தது. பெரும்பகுதி ஒன்றும் செய்யாத கட்டிதான். ஓரத்தில் ஓர் இடம் மட்டும் சந்தேகமாக இருப்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டச் சொன்னார்கள்.

டீச்சர் அண்ணன் வீட்டுக்கே வந்து படுத்தார். மிஷின் இருந்த முன்னறையில்தான் கட்டில் போட முடிந்தது. முதல் நாளே மிஷின் சத்தம் தலைவலிக்கிறது என்றார். அண்ணி, தூங்கும் நேரம் தவிர மற்ற நேரம் தைக்கத்தான் செய்வேன் என்றாள். ஃபேன் வேகத்துக்கும் ஜன்னல் திரைக்கும் தினம் ஒரு தகராறு. கணவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஒரு நாள், அண்ணி ஒரு காலரைப் புரட்டி அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தபோது, டீச்சர் கூரையைப் பார்த்தபடி கேட்டார். "அன்னிக்கு என்னைத் தோக்கடிக்கத்தானே அந்தத் துணிய எடுத்துட்டு வந்தே?"

அண்ணி அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தாள்.

"ஆமா," என்றாள்.

"எனக்குத் தெரியும். நானும் தோக்கக் கூடாதுன்னுதான் போட்டேன்." அண்ணி பக்கம் திரும்பி, "நீ நல்லவளா இருந்திருந்தா நான் போய்ச் சேர்ந்திருப்பேன்," என்றார்.

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் போட்ட இடம் இழுக்கிறது என்று டீச்சர் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டார். அண்ணிக்குச் சிரிப்பு பாதியில் அழுகையாக மாறிவிட்டது. முகத்தை அந்தக் காலரிலேயே துடைத்து, வாடிக்கையாளர் துணியாயிற்றே என்று மறுபடி துவைத்துப் போட்டாள்.

விழாவுக்கு டீச்சர் போகவில்லை. தலைமை ஆசிரியர் வீட்டுக்கே வந்து பரிசைக் கொடுத்துவிட்டுப் போனார், டீச்சர் அதைப் போர்வைக்குள் உட்கார்ந்தபடி வாங்கிக்கொண்டார். பச்சைக் கவுனை அண்ணி பிரித்துப் பிரித்துத் தைத்தாள். முதலில் எல்லா இடமும் தொளதொளவென்று இருந்தது. சாப்பாடு இறங்கத் தொடங்கிய பிறகு தோள் நிரம்பியது. இடுப்பைப் பழைய பேட்டர்ன் அளவுக்குக் கொண்டுவர வேண்டாம், மூச்சு விட இடம் வைத்துத் தை என்று டீச்சரே சொல்லிவிட்டார்.

இப்போதும் யாருக்காவது ஜிப் ஏறாவிட்டால் அண்ணி டேப்பைத் தொடுவதற்கு முன் ஆளைப் பார்ப்பாள். சமீபத்தில் ஒரு வங்கி ஊழியை, புதுக் கவுன் வயிற்றுப் பக்கம் பிடிக்கிறது என்று வந்து நின்றாள். அண்ணி அவள் தோளைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், சாப்பாடு ஒழுங்காக இறங்குகிறதா என்று கேட்டாள். அந்தப் பெண் வெட்கத்தோடு, அதுதான் பிரச்சினையே, புதிதாகக் கல்யாணமான வீட்டுக்காரர் நன்றாகச் சமைக்கிறார் என்றாள். அண்ணி பக்கத் தையலைப் பிரித்துவிட்டுக் கொடுத்தாள். அவள் போனதும் டீச்சருக்குப் போன் போட்டு, அடுத்த பரிசோதனை என்றைக்கு என்று கேட்டாள்.