கால் மில்லிமீட்டர்

லேசர் வெட்டு இயந்திரத்தின் கண்ணாடி மூடியைத் தூக்கியதும் கருகிய அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் நெடி மூக்கில் ஏறியது. மைக்ரான் முதல் பலகையை எடுத்துக் காற்றில் ஒருமுறை உதறினார். பலகையிலிருந்து ஒன்றும் பூஜ்ஜியமும் ஏழும் கழன்று தட்டில் விழுந்தன. அவர் கையில் மிஞ்சியது, நடுவில் மூன்று ஓட்டைகள் உள்ள வெள்ளைச் சதுரம்.

அவர் அடுத்ததை எடுத்தார். அதுவும் அப்படியே. மூடியைப் பிடித்திருந்த கையை எடுக்காமல், அறையின் மறுகோடியில் கணினி முன் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தார்.

தங்கும் விடுதி ஒன்றின் கதவு எண்கள் அவை, எல்லாம் ஒரே ஓட்டத்தில் வெட்டி முடிந்தவை. நூற்றறுபது. எண்களின் ஓரக்கோடு பலகையில் மெல்லச் செதுக்கப்பட வேண்டும். பலகையின் விளிம்பு மட்டும் வெட்டப்பட வேண்டும். எதைச் செதுக்குவது, எதை வெட்டுவது என்பதை இயந்திரம் கோட்டின் தடிமனை வைத்துத்தான் தீர்மானிக்கும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிட மெல்லிய கோடென்றால் வெட்டு. தடித்த கோடென்றால் செதுக்கல். இந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவளுக்கு மைக்ரான் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். "கோடு தப்புனா பலகை போச்சு தங்கச்சி. பலகை போனா நாம போனோம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அளவு விஷயத்தில் அவர் படுத்தும் பாட்டுக்குத்தான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கின் பெயரைக் கடையில் அவருக்கு வைத்திருந்தார்கள். வீட்டில் சோற்றுக்கு உப்பையும் ஸ்கேல் வைத்துத்தான் போடுவார் என்பார்கள்.

அவள் கோப்பைத் திறந்து ஓர் எண்ணின் மேல் சொடுக்கினாள். தடிமன் கட்டத்தில் 0.25 என்று இருந்தது. அவள் இட்ட கால் மில்லிமீட்டர். பிறகுதான் பக்கத்திலிருந்த எழுத்துகள் கண்ணில் பட்டன. பாயிண்ட்.

கால் பாயிண்ட். ஒரு முழுப் பாயிண்டே மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான்; கணக்குப் போட வேண்டிய தேவையே இல்லை. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே.

முதலாளி பழைய அச்சகத்து ஆள். அவருக்குக் கோடென்றால் பாயிண்ட்தான். காலையில் கடை திறந்ததும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து தன் சொந்த வேலை எதையாவது வரைவார். வரையும் மென்பொருளின் அமைப்புகளுக்குள் போய்க் கோட்டின் அலகை மட்டும் பாயிண்டுக்கு மாற்றுவார். அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவார். நீள அகலம் மில்லிமீட்டரிலேயே இருக்கும் என்பதால் பார்வைக்கு எதுவும் மாறியிருக்காது. தினமும் அவள் முதலில் செய்வது அதைத் திருப்பி வைப்பதுதான். இன்று முதலாளி பத்தரை வரை தன் காருக்கு ஸ்டிக்கர் வரைந்துகொண்டிருந்தார். எழுந்தவர் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். வாடிக்கையாளர் எண்களின் எழுத்துருவை மாற்றச் சொல்லிவிட்டார், நான்கு மணிக்கு வந்து எடுத்துக்கொள்வார், சீக்கிரம், சீக்கிரம் என்றார். அந்த அவசரத்தில் அலகைத் திருப்பி வைக்க அவள் மறந்துவிட்டாள். மைக்ரான் வழக்கம்போலத் துண்டுப் பலகையில் ஒன்று போட்டுப் பார்க்கக் கை நீட்டியபோதும் முதலாளிதான் தடுத்தார். அதற்கெல்லாம் இப்போது நேரமில்லையாம்.

முதலாளி வந்து தட்டில் குவிந்திருந்த எண்களைப் பார்த்தார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவள் பக்கம் திரும்பி, "ஃபைல் சரியாத்தானே இருந்துச்சு?" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். முதுகெலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதமாகப் படுக்கையில் இருக்கும் கணவனின் முகமும், அவனைத் திருப்பிப் படுக்கவைக்க வரும் பக்கத்து வீட்டு அக்காவின் முகமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"ஃபைல் சரிதான் சார்," என்றார் மைக்ரான். "நான்தான் துண்டுல போட்டுப் பாக்கல."

போட்டுப் பார்க்க வேண்டாம் என்று யார் சொன்னது என்பதை அவர் சொல்லவில்லை. முதலாளிக்கும் அது நினைவிருந்ததாகத் தெரியவில்லை. பதினோரு வருஷம் வேலை பார்த்தவனுக்கு இதுகூடத் தெரியாதா, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். பிறகு, நாளை என்ன நாளை, இப்போதே கிளம்பு என்றார்.

மைக்ரான் கைகளைக் கழுவித் துடைத்தார். கதவருகே அவள் எழுந்து வந்தபோது தலையை லேசாக ஆட்டினார். "உக்காரும்மா. ரெண்டு பேரும் போய் என்ன பண்றது?" என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவள் உட்கார்ந்தாள். அலகை மில்லிமீட்டருக்கு மாற்றினாள். நூற்றறுபது எண்களின் தடிமனையும் சரிசெய்தாள். புதிய பலகைகள் வாங்க ஆள் போயிருந்தது. மணி மூன்று தாண்டியும் ஆள் திரும்பவில்லை.

விடுதிக்காரர் நான்கு மணிக்கு முன்பே வந்துவிட்டார். முதலாளி அவரை உட்காரவைத்து ஏதேதோ சொல்லிச் சமாளித்துக்கொண்டிருக்க, அவர் எழுந்து போய்த் தட்டருகே கிடந்த ஓட்டைப் பலகை ஒன்றை எடுத்தார். தன் கறுப்புப் பையின் மேல் வைத்துப் பார்த்தார். நூற்றேழு என்ற எண் கன்னங்கரேலென்று எழும்பி நின்றது.

"அட, இது நல்லா இருக்கே," என்றார். "எங்க கதவும் கறுப்புதான். இதையே குடுத்துடுங்க."

அரை மணி நேரத்தில் நூற்றறுபது பலகைகளும் அட்டைப் பெட்டியில் அடுக்கப்பட்டு அவர் வண்டிக்குப் போயின. அவருடைய இன்னொரு கட்டடத்துக்கும் இதே மாதிரி இருநூறு வேண்டுமாம், நாளை மறுநாளே. முதலாளி அவரை வாசல்வரை போய் அனுப்பிவிட்டு, கைகளைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தார்.

அவள் எழுந்து நின்றாள். "அண்ணனைக் கூப்பிடட்டுமா சார்?"

"எதுக்கு?"

"பலகை எதுவும் வீணாகலயே சார்."

"தப்பு தப்புதானே. வித்துப்போச்சுன்னா செஞ்சது சரியாயிடுமா?"

"தப்பு அவரோடது இல்ல சார். கோடு பாயிண்ட்ல இருந்துச்சு. காலையில நீங்க உக்காந்திருந்தீங்க. நான் பாக்காம விட்டுட்டேன்." சொல்லி முடித்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

முதலாளி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை. விலை விசாரிக்கிறவரின் பார்வை.

"அவரு இருந்தப்ப இதைச் சொல்லலியேம்மா நீ," என்றார். அவர் இயந்திரத்தைக் கண்ணால் காட்டினார். "வரையறதும் நீதான். பட்டனை அமுக்கறதுக்கு இன்னொரு ஆள் எதுக்கு? பலகை வந்துடும். போய் உக்காரு, பழகிக்கோ. சம்பளத்தைப் பத்தி அப்பறம் பேசலாம்."

இயந்திரத்தின் முன்னால் இருந்தது மைக்ரானின் உயரத்துக்குச் செய்த இரும்பு ஸ்டூல். ஏறுவதற்கு அவள் ஒரு கையால் இயந்திரத்தின் விளிம்பைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஏறி உட்கார்ந்து கண்ணாடி மூடியை இறக்கினாள். கீழே அவளுடைய கால்கள் இரண்டும் தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கின.