சோசிமோ எடுக்காத வைப்பர்

"உன் கை நீளம்னு இந்த ஸ்டாப்புக்கே தெரியும்டா! எடு வெளிய! எங்கடா வச்சிருக்க?"

"பெனிக்னோ அண்ணே, எங்கம்மா மேல சத்தியமா சொல்றேன், உன் வண்டிய நான் தொடவே இல்ல."

"உங்கம்மாவ எதுக்குடா இழுக்குற, அந்தம்மா பாவம். வண்டி பக்கத்துல நின்னவன் நீ. கதவத் திறந்து ஆளுங்கள ஏத்துனவன் நீ. 'ஒரே ஆள்தான் பாக்கி, கிளம்புது கிளம்புது'ன்னு கத்தி என்னைச் சாப்பாட்டுல இருந்து எழுப்புனவன் நீ. அப்புறம் வேற எவன் எடுப்பான், பிசாசா?"

"கத்துறது என் வேலைண்ணே. ஆள் கூப்பிடுறவன் கத்தாம இருக்க முடியுமா?"

"வாய் கத்தும், கை கழட்டுமா? நல்ல வேலடா!"

சுற்றி நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். பெனிக்னோவின் இடது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. அந்தக் கையையே சோசிமோவின் முகத்துக்கு நேராக ஆட்டினான். மூலிகைத் தண்ணீர் விற்கும் க்ரிசெல்டா அக்கா, "அடுப்புப் பக்கம் ஆட்டாதப்பா, மிச்சத்தையும் உடைச்சுக்கப் போற" என்றாள். அதற்கும் சிரிப்பு.

நான் அவளுடைய வண்டிக்குப் பின்னால் கையில் டம்ளரோடு நின்றிருந்தேன். சோசிமோ என்னைப் பார்த்துவிட்டான்.

"எவாரிஸ்தோ மாஸ்டர், அன்னைக்கு நீங்க இங்கதான இருந்தீங்க? நீங்களே சொல்லுங்க. நான் எடுத்ததப் பார்த்தீங்களா?"

"நான் கவனிக்கலப்பா" என்றேன்.

அவர்கள் சண்டை போட்ட அந்த இரண்டு வைப்பர் பிளேடுகளும் அந்த நேரத்தில் என் அறையில், மேசை இழுப்பறையில், செய்தித்தாளில் சுற்றி இருந்தன. எடுத்தது நான்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எழுதிப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வைப்பர் செய்கிறவன். அதுவும் லிமாவில். குளிர்காலத்தில் யாரோ தும்மியது போல ஒரு தூறல் விழும், அதைத் தவிர இங்கே மழை கிடையாது. "மணல்ல உக்காந்து குடை விக்கிறவன் நீ ஒருத்தன்தான் மாஸ்டர்" என்று பெனிக்னோ என்னைக் கிண்டல் செய்வான். ஆனால் எங்கள் ஆத்தே ஸ்டாப்பிலிருந்து கிளம்பும் ஷேர் கார்கள் எல்லாம் மலை ஏறுகிறவை. காலையில் இங்கே வெயிலில் வியர்த்த டிரைவர், மதியம் திக்லியோ கணவாயில் ஆலங்கட்டி மழையில் நிற்பான். பிளேடின் ரப்பர் அங்கே குளிரில் விறைத்துக் கிழியும். அதை மாற்ற வேண்டும் என்றால் நகத்தின் அளவு ஒரு பிளாஸ்டிக் நாக்கை அழுத்தி, கொக்கியிலிருந்து உருவ வேண்டும். மரத்துப்போன விரலுக்கு அது எங்கே அகப்படும்? பல்லால் கடித்து இழுத்தவர்களை எனக்குத் தெரியும்.

இருபது வருடம் ரப்பர் அச்சு போடும் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். பட்டறை மூடியதும் என் அறையிலேயே ஒரு பழைய கண்ணாடியை மரச்சட்டத்தில் நிறுத்தி, பேட்டரியில் ஒரு வைப்பர் மோட்டாரை ஓட்டி, இதற்கு ஒரு வழி பண்ண உட்கார்ந்தேன். கையுறை போட்ட கட்டைவிரல் ஒன்றே போதும் என்ற மாதிரி ஒரு பெரிய மஞ்சள் பிடி. தள்ளினால் பிளேடு கையோடு வந்துவிட வேண்டும். ரப்பர் மட்டும் போயிருந்தால் பைஜாமா நாடாவை உருவுகிற மாதிரி உருவிவிட்டு வேறு கோர்த்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெனிக்னோ வருவான். வாளியில் ஐஸ் போட்டு, இரண்டு கையையும் அதில் விட்டு, "விரல் செத்துப்போச்சு மாஸ்டர், குடு" என்று சொல்லும்வரை வைத்திருப்பான். பிறகு பிளேடை மாற்றுவான், நான் கடிகாரம் பார்ப்பேன். முதல் மாதிரி ஒன்றரை நிமிடம் எடுத்தது. பத்தொன்பதாவது மாதிரிக்கு நான்கே நொடி. அன்று அவன் என்னைத் தூக்கிச் சுற்றினான். ஸ்டாப்பில் முக்கால்வாசி பேர் அதை வாங்கி மாட்டிக்கொண்டார்கள்.

டிரைவருக்கு நான்கு நொடி என்றால் திருடனுக்கு இரண்டு நொடி. இதை நான் யோசிக்கவே இல்லை. இந்த ஊரில் வைப்பர் திருட்டு புதிது இல்லை. அதனால்தான் வண்டியை நிறுத்தியதும் பிளேடைக் கழற்றி சீட்டுக்கு அடியில் போடுவது எல்லோருக்கும் பழக்கம். மலைவழியில் சான் மத்தேயோ ஊரைத் தாண்டி, மேகத்தைப் பார்த்த பிறகுதான் எடுத்து மாட்டுவார்கள். அதுவரை கண்ணாடியின் முன்னால் வெறும் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். என் பிடி வந்த பிறகு திருட்டும் கூடியது, கழற்றி வைக்கிற பழக்கமும் கூடியது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பெனிக்னோ எதிர்க்கடையில் ஆட்டுத்தலை சூப் குடித்துக்கொண்டிருந்தான். வண்டியில் பிளேடு இரண்டும் அப்படியே இருந்தன. அன்று கழற்ற மறந்துவிட்டான். ஸ்டாப்புக்குச் சம்பந்தமில்லாத இரண்டு பேர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நான் போய்க் கழற்றி என் மேலங்கியின் உள்பையில் செருகிக்கொண்டேன். இதில் ஒன்றும் அதிசயம் இல்லை. எங்கள் ஸ்டாப்பில் ஒருவர் வண்டிக்கு ஒருவர் இப்படிச் செய்வதுதான். அவன் வெளியே வந்ததும் கொடுக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் வேறு ஒரு டிரைவர், வைப்பர் மோட்டார் முனகுகிறது என்று என்னைக் கூப்பிட்டான். போனேன். குனிந்தேன். சோசிமோவின் குரல் கேட்டது: "ஓரோயா, தார்மா, ஒரே ஆள்தான் பாக்கி, கிளம்புது!" வண்டியில் ஒருவர்கூட இல்லாதபோதும் அவன் அப்படித்தான் கூவுவான்.

பெனிக்னோ வாயைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தானாம். வெறும் கம்பியைப் பார்த்தானாம். நாமே கழற்றி சீட்டுக்கு அடியில் போட்டிருப்போம் என்று நினைத்து வண்டியை எடுத்துவிட்டான்.

அரை மணி நேரம் கழித்து நான் பெஞ்சில் உட்கார்ந்தபோது விலாவில் ஏதோ குத்தியது.

பதினோரு முறை போன் போட்டேன். மலைக்குள் போய்விட்டால் சிக்னல் கிடையாது. ஸ்டாப்பில் யாரிடமும் சொல்லவில்லை. மேலே வானம் தெளிவாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தெளிவாக இல்லை. ஆலங்கட்டி கொட்டியிருக்கிறது. வண்டியை ஓரம் கட்டி, பயணிகளின் கால்களை எல்லாம் நகர்த்தி சீட்டுக்கு அடியில் தேடியிருக்கிறான். ஒரு அம்மாவின் மூட்டையிலிருந்து உருளைக்கிழங்கு வாங்கி, தண்ணீர் ஒட்டாமல் வழுக்கி ஓடட்டும் என்று வெட்டிக் கண்ணாடியில் தேய்த்திருக்கிறான். தூறலுக்கு அது கேட்கும், ஆலங்கட்டிக்கு எப்படிக் கேட்கும்? பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்திருக்கிறார்கள். தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறான். வளைவில் பாறைப் பக்கம் மோதிவிட்டது. இவனுக்குக் கை முறிந்தது. உருளைக்கிழங்கு கொடுத்த அம்மாவுக்குப் புருவத்தில் ஐந்து தையல். முதலாளி வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் நான் மேலே சொன்ன சண்டை.

அதன்பிறகு சோசிமோவை யாரும் அடிக்கவில்லை, போலீசுக்கும் போகவில்லை. அவன் கூப்பிட்டு வந்த ஆளை ஏற்ற மறுத்தார்கள், அவ்வளவுதான். "யார் கூட்டிட்டு வந்தது? அவனா? அடுத்த வண்டியப் பாருங்கம்மா." மூன்று நாள் அவன் கூவிக்கொண்டே இருந்தான். கடைசி நாள் கேட்பதற்கு என்னமோ போல இருந்தது. நான்காம் நாள் வரவில்லை. அவனுடைய பச்சைக் கம்பளித் தொப்பி க்ரிசெல்டா அக்காவின் வண்டியில் ஆணியில் தொங்கியது.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். என் மனைவி தன் தங்கை வீட்டோடு அரெக்கிப்பாவுக்குப் போய் எட்டு வருடம் ஆகிறது. கிறிஸ்துமசுக்கு போன் பண்ணுவாள். அவளுக்குப் பிறகு என் கதவைத் தட்டுகிற ஒரே கை பெனிக்னோவுடையது. அந்தக் கையைத்தான் உடைத்திருந்தேன். சொன்னால் இன்னொரு கையும் தட்டாது என்று பயந்தேன். இது ஒரு காரணம் என்று சொல்ல வரவில்லை. இருந்ததைச் சொல்கிறேன்.

அவன் மாவுக்கட்டோடு ஞாயிறுகளில் வந்துகொண்டுதான் இருந்தான். நான் இருபதாவது மாதிரியில் இறங்கினேன். பிடியை இடம் மாற்றினேன். வைப்பர் படுத்திருக்கும்போது பானட்டின் விளிம்பு பிடியை மூடிவிடும், விரல் நுழையாது. சாவி போட்டு வைப்பரை ஓடவிட்டு, நடுக் கண்ணாடியில் நிறுத்தினால்தான் பிடி வெளியே வரும். பிறகு பழையபடி ஒரே தள்ளு. சாவி இருக்கிறவனுக்கு ஏழு நொடி. சாவி இல்லாதவன் கம்பியையே உடைத்தால்தான் உண்டு. இனி யாரும் கழற்றி வைக்க வேண்டியதில்லை. யாருக்காகவும் யாரும் கழற்றி வைக்க வேண்டியதில்லை.

பெனிக்னோ வலது கையை ஐஸில் விட்டு எடுத்து அதை மாற்றிப் பார்த்தான். விபத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தான்.

"பிரமாதம் மாஸ்டர்! இது மட்டும் அன்னைக்கு இருந்திருந்தா அந்தத் திருட்டுப்பய சோசிமோ என்ன பண்ணியிருப்பான்? நக்கிட்டுப் போயிருப்பான்!"

இன்னொரு தடவை பார்க்கலாம் என்று மறுபடி கையை வாளிக்குள் விட்டான். நான் இழுப்பறையைத் திறந்து செய்தித்தாள் பொட்டலத்தை அவன் முன்னால் வைத்தேன். இடது கை விரல் நுனிகளால் பிரித்தான். அவனுடைய பிளேடில் அவனே ஆணியால் கீறிய குறி இருந்தது.

"எங்க கிடைச்சுது?"

"கிடைக்கல. நான்தான் எடுத்தேன். ரெண்டு பசங்க சுத்திட்டு இருந்தானுங்க, அதான் கழட்டிப் பையில வச்சேன். மறந்துட்டேன்."

ரொம்ப நேரம் அவன் வலது கையை ஐஸிலிருந்து எடுக்கவே இல்லை.  சிவந்துபோயிருந்தது. நானே எடுத்துவிடலாமா என்று நினைத்தேன்.

"சோசிமோகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"அன்னைக்கு உன்னைப் பார்த்துத்தான கேட்டான்?"

"ஆமா."

கையை எடுத்து பேன்ட்டில் துடைத்தான். தொப்பியைப் போட்டுக்கொண்டான். கதவுகிட்ட நின்று மாவுக்கட்டைக் காட்டினான்.

"இது ஒட்டிக்கும் மாஸ்டர்."

அவ்வளவுதான் சொன்னான். பிளேடுகளை எடுத்துக்கொண்டு போகவில்லை.

மறுநாள் காலை ஸ்டாப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். "இப்ப சொல்லி?" என்றான் ஒருவன். க்ரிசெல்டா அக்கா அந்தப் பச்சைத் தொப்பியை ஆணியிலிருந்து எடுத்து என் கையில் வைத்து, "நீயே கொண்டுபோய்க் குடு" என்றாள். அன்று எனக்குத் தண்ணீர் ஊற்றவில்லை.

சோசிமோ இருந்த அறைக்குப் போனேன். காலி செய்துவிட்டான். வீட்டுக்காரம்மா வான்காயோ என்கிறாள். பக்கத்து வீட்டில் லா மெர்செத் என்கிறார்கள். இரண்டு ஊருக்கும் போய் ஸ்டாப் ஸ்டாப்பாக நின்று காது கொடுத்துக் கேட்டேன். கிடைக்கவில்லை. பெனிக்னோ இப்போது வேறு ஸ்டாப்பிலிருந்து ஓட்டுகிறான் என்று கேள்வி.

அவன் என் அறைக்கு வந்து பதினேழு ஞாயிறு ஆகிவிட்டது. இடது கையை ஐஸில் விட்டு, வலது கையில் கடிகாரம் பிடித்து நானே சோதனை பண்ணுகிறேன். பிளேடை மாற்றும்போது கடிகாரத்தைக் கீழே வைக்க வேண்டியிருக்கிறது, அதனால் நேரம் சரியாகத் தெரிவதில்லை. சில நாள் சும்மா மோட்டாரைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். காய்ந்த கண்ணாடியில் அது போய்ப் போய் வரும்.

இந்தக் குழுவில் மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள். இருபதாவது மாதிரியின் படம் வேண்டுமென்றால் கேளுங்கள், யாருக்கும் தருகிறேன். ஆனால் நான் இதை எழுதுவது அதற்காக இல்லை. ஏதாவது ஒரு ஸ்டாப்பில், காலி வண்டியின் பக்கத்தில் நின்று "ஒரே ஆள்தான் பாக்கி" என்று யாராவது கூவினால் கொஞ்சம் வண்டியை நிறுத்துங்கள். நாற்பது வயது, ஒல்லி, கடைசி வார்த்தையில் குரல் உடையும். வைப்பரை எடுத்தது எவாரிஸ்தோ என்று அவனிடம் சொல்லுங்கள். ஆத்தே ஸ்டாப்பில் எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது என்றும், தொப்பி என்னிடம் இருக்கிறது என்றும் சொல்லுங்கள். பிறகு அது எந்த ஊர், எந்த ஸ்டாப் என்று இதற்குக் கீழே எழுதுங்கள், நான் கிளம்பி வருகிறேன். நிச்சயமாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் குரல் மாதிரி எங்கேயாவது கேட்டிருந்தாலும் எழுதுங்கள்.